கழிவறைக் கோப்பையை நகர்த்தினால் தரை எவ்வளவு உயரும்?

கேள்வி: 14ஆவது மாடி ஃபிளாட். கோப்பையை டக்டிலிருந்து (கழிவுக் குழாய் கீழே இறங்குற சந்து) 1.5 மீட்டர் தள்ளணும். ஸ்லாபில் (கான்கிரீட் தளம்) குழாயைப் புதைக்கப் பள்ளம் கிடையாது. தரையை எவ்வளவு ஏத்தணும்?

பதில் 1: 110 மி.மீ. குழாய்க்கு 1:50 வாட்டம் (50-க்கு 1 சரிவு) கொடுத்தா 30 மி.மீ. இறங்கும். மேலே கலவை, டைலுக்கு 50. மொத்தம் 190 மி.மீ. படி, அசிங்கமா இருக்கும். சுவரில் மாட்டும் கோப்பை வைங்க. குழாய் தரைக்கு மேலேயே, பொய்ச்சுவருக்குள்ளே டக்டுக்குப் போயிடும்.

பதில் 2: ஏத்தியே ஆகணும்னா செங்கல் உடைசல் வேண்டாம். 150 மி.மீ. நிரப்பினா சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ ஏறும். ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி உள்ள லேசான கான்கிரீட் கல்) போட்டா 100 கிலோவுக்குள் முடியும். எதுவானாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேளுங்க. போஸ்ட் டென்ஷன் ஸ்லாபா (உள்ளே இழுத்துக் கட்டின எஃகு கேபிள் இருக்கும் தளம்) இருந்தா ஸ்கேன் பண்ணாம துளை போடவே கூடாது.

பதில் 3: வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு தடவை பண்ணணும்: தரையை நிரப்பும் முன் ஒண்ணு, பின் ஒண்ணு. 48 மணி நேரம் தண்ணி கட்டி, கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்க. ஒழுகுறது பெரும்பாலும் குழாய் ஸ்லாபைத் துளைக்கிற இடத்துலதான்.