மாடல் லைவில் சொதப்பினால் யார் பொறுப்பு? 9 பேர் டீமைப் பிரிக்கலாமா?

ஒன்பதாள்:
கார்டு மோசடியைப் பிடிக்கும் மாடல். 4 டேட்டா சயின்டிஸ்ட், 3 டேட்டா இன்ஜினியர், 2 பேக்எண்ட். சயின்டிஸ்ட்கள் பைத்தான் நோட்புக்கில் தருவதை பேக்எண்ட் ஆட்கள் ஜாவாவில் திரும்ப எழுதுகிறார்கள். லைவ் போக 6 வாரம் ஆகிறது. ஏயூசி (மோசடியையும் நல்லதையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற மதிப்பெண்; 1 என்றால் முழுச்சரி) ஆஃப்லைனில் 0.91, லைவில் 0.83. ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். மூன்று டீமாகப் பிரித்து ஆளுக்கொரு லீட் போடலாமா?

பைப்லைன் பித்தன்:
வேண்டாம். இருக்கிற சுவருக்கு சிமென்ட் பூசுகிற வேலை அது. ஒரே ஃபீச்சருக்கு (மாடலுக்குள் போகும் உள்ளீடு) பைத்தானில் ஒன்று, ஜாவாவில் ஒன்று என இரண்டு கோடு இருக்கும்வரை யாரை லீடாகப் போட்டாலும் இதே கதைதான்.

முதலில் வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். ஸ்கோர் போடும் நொடியில் மாடலுக்குள் போன ஃபீச்சர் மதிப்புகளை ரிக்வெஸ்ட் ஐடியோடு லாக் செய்யுங்கள்; ஒரு நாள் டேட்டா போதும். அதே ஐடிகளுக்கு வேர்ஹவுஸிலிருந்து (பழைய டேட்டாவின் கிடங்கு) ட்ரெயினிங் கோடை ஓட்டி, ஃபீச்சர் வாரியாக எத்தனை சதவீதம் பொருந்தவில்லை என்று கணக்கெடுங்கள். பெரும்பாலும் மூன்று இடத்தில் மாட்டும். ‘இன்றைய பரிவர்த்தனை எண்ணிக்கை’ ஒரு பக்கம் யுடிசி (உலகப் பொது நேரம்), மறு பக்கம் இந்திய நேரம். ஐந்தரை மணி நேரம் இடிக்கும். பாண்டாஸில் (பைத்தானின் டேட்டா லைப்ரரி) காலியாக இருப்பது ஜாவாவில் 0 ஆகிவிடும். மூன்றாவதுதான் மோசம்: மூன்று மாதம் முந்தைய பரிவர்த்தனையோடு அந்தக் கடையின் *இன்றைய* சார்ஜ்பேக் (கார்டுக்காரர் புகாரால் பணம் திரும்பப் போவது) விகிதத்தை ஜாயின் செய்திருப்பார்கள். பரிவர்த்தனை நடந்த நொடியில் தெரிந்திருந்த மதிப்பை மட்டும்தான் எடுக்க வேண்டும். இது நடந்திருந்தால் 0.91 என்பதே பொய்க்கணக்கு. பேக்எண்ட் ஆட்கள் மேல் தப்பே இல்லை.

லேபிள் லதா:
அந்த 0.83-ஐ எப்படி அளந்தீர்கள்? மாடல் தடுத்த பரிவர்த்தனைக்கு சார்ஜ்பேக் வரவே வராது; அது மோசடிதானா என்று தெரியாமலே போகும். சுலபமாகப் பிடிபட்ட மோசடிகள் கணக்கிலிருந்து கழன்றுவிட, நழுவியவை மட்டும் மிஞ்சும். ஏயூசி இறங்காமல் என்ன செய்யும்? தடுக்க வேண்டியவற்றில் சிறு தொகைகளாகப் பார்த்து 1 சதவீதத்தை ராண்டமாக விட்டுவிடுங்கள், அளக்கும்போது அவற்றுக்கு 100 மடங்கு எடை கொடுங்கள். அந்த நஷ்டத்துக்கு ரிஸ்க் டீமிடம் முன்கூட்டியே பட்ஜெட் வாங்குவது லீடின் வேலை. சார்ஜ்பேக் வந்து சேர வாரங்கள், மாதங்கள்கூட ஆகும் என்பதால் போன வார எண்ணை வைத்து யாரையும் திட்டாதீர்கள்.

ஒன்பதாள்:
சயின்டிஸ்ட்களுக்கு ஜாவா தெரியாதே?

பைப்லைன் பித்தன்:
தெரிய வேண்டியதில்லை. மாடலை ஓஎன்என்எக்ஸ் என்ற பொது ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் ஜாவாவிலிருந்தே ஓடும். தலைவலி ஃபீச்சர் கோடுதான். லைவில் லாக் ஆன மதிப்புகளை வைத்தே ட்ரெயின் செய்தால் அது ஓயும். புது ஃபீச்சர் என்றால் லாக் சேரும்வரை சில மாதம் காத்திருக்க வேண்டும். அதை ரோட்மேப்பில் இப்போதே போட்டுவிடுங்கள்.

ராப்பணி:
ஆன்-காலை (கோளாறு வந்தால் ஃபோன் எடுத்துச் சரிசெய்யும் முறைவேலை) யாரும் பேசவில்லையே. ஒரே ஊரிலிருந்து 24 மணி நேரம் பார்க்க, வாரம் ஒருவர் முதலாள், ஒருவர் துணையாள் என்றால், குறைந்தது 8 பேர் வேண்டும் என்பது கூகுளின் எஸ்ஆர்இ (சிஸ்டம் விழாமல் பார்க்கும் இன்ஜினியர்கள்) கணக்கு. மூன்று மூன்று பேராகப் பிரித்தால் இரண்டே மாதத்தில் ராஜினாமா வரும். ஒன்பது பேரும் ஒரே சுற்றில் இருக்கட்டும், சயின்டிஸ்ட்களும் சேர்த்து. ராத்திரி 2 மணிக்கு ஃபோன் வந்தால் காலியான மதிப்பை என்ன செய்வது என்று நோட்புக்கிலேயே எழுதிவிடுவார்கள். ஆனால் பழைய மாடலுக்குத் திரும்ப ஒரே கமாண்ட் தயாராக இல்லாமல் அவர்களைச் சேர்க்காதீர்கள்.