வளரி திரும்பி வருமா, வராதா? (அரியமான் 1801 நிகழ்த்துகைக்குப் போகிறவர்கள் கவனிக்க)

சேதுக்கரையான்:
கும்பினியை (கிழக்கிந்தியக் கம்பெனி) எதிர்த்து நடந்த 1801 சண்டையை ராமநாதபுரம் பக்கம் அரியமான் கடற்கரையில் நிகழ்த்திக் காட்டப் போகும் குழு, வளைந்த எறிதடியான வளரியைப் பற்றிப் பங்கேற்பவர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறது. "வளரி எதிரியைத் தாக்கிவிட்டு வீசியவர் கைக்கே திரும்பும். எனவே வீசியவர் இடம் மாறாமல் நிற்க வேண்டும்" என்று இருக்கிறது. நில்லுங்கள் சாமிகளா, விடிய விடிய நில்லுங்கள். வளரி வராது.

வளரிப்பித்தன்:
வரும். வீடியோவே இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரன் வீசினால் திரும்புமாம், தமிழன் வீசினால் திரும்பாதாம். என்ன எரிச்சலோ!

சேதுக்கரையான்:
ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்கு வீசுவது பெரும்பாலும் திரும்பாத வகைதான். திரும்புகிறது மெல்லிசு, எடை குறைவு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. வளரிக்கு ஒரு முனை பருத்துக் கனமாக இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தலைக்கு மேல் சுழற்றி விட வேண்டும். எடையெல்லாம் அடிக்குத்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் மரத்திலும் தந்தத்திலும் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஆளைத் தாக்கிய பிறகு அது எந்த வேகத்தில் திரும்பும்? அதை முதலில் சொல்லுங்கள்.
அந்த வீடியோவையும் பார்த்தேன். அரியமான் வடகடல் பக்கம். வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்போது கடலைப் பார்த்து வீசியிருக்கிறார்கள். எதிர்காற்றில் வளரி மேலே தூக்கும், வேகம் செத்து முன்னாலேயே விழும். அதற்குப் பெயர் திரும்பி வருவதா?

வளரிப்பித்தன்:
பின்னால் வந்ததா இல்லையா? வந்தது. அவ்வளவுதான்.

உச்சிப்புளி தச்சன்:
வருது வரலைன்னு அடிச்சுக்கிறீங்க, முதல்ல வளரி முழுசா இருக்கணுமே. அந்தக் குழுவோட மாதிரியைப் பார்த்தேன். நேர்ப்பலகையில வரைஞ்சு அறுத்திருக்காங்க. வளைவுல மரத்தோட ரேகை குறுக்கே ஓடுது, தரையில பட்டதும் அந்த இடத்துல முறியும். தானா வளைஞ்ச கொம்பைத்தான் எடுக்கணும், ரேகை வளைவோடயே போகும். ரெண்டு முனையிலயும் மெழுகு பூசி நிழல்ல காய வைங்க, இல்லேன்னா முனை வெடிக்கும். வெளிப்பக்க வெளுப்பைச் செதுக்கி எறிஞ்சுட்டு உள்மரமான வைரத்தை மட்டும் வைங்க, வெளுப்புல உளுப்பூச்சி விழும். கடல்காத்து ஈரத்துக்கு எண்ணெய் பூசித்தான் வைக்கணும். மரத்துக்கா பஞ்சம்? சீமைக்கருவேலத்துல வளைஞ்ச கொம்பு எத்தனை வேணும்?

கமுதிக்காரன்:
சீமைக்கருவேலமா! 1801-ல் இந்த மண்ணிலேயே இல்லாத மரத்தில் 1801 வளரியா? நாட்டுக்கருவேலம் என்று சொல்ல வாய் வரவில்லையா அண்ணே?

உச்சிப்புளி தச்சன்:
நாட்டுக்கருவேலத்துல அந்த வளைவுக்குக் கொம்பு தேடிப் பாருங்க தம்பி, அப்புறம் பேசலாம். சாயம் போட்டா பார்க்கிறவனுக்குத் தெரியவா போகுது?

கமுதிக்காரன்:
சாயம் பூசினால் நாடகம். நாடகம் என்றால் தகரத்திலேயே செய்யலாமே.

சிவகங்கைச் சீமை:
1801 என்றாலே காளையார்கோவில். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது திருப்பத்தூரில், அக்டோபர் 24. இதில் கடற்கரைக்கு என்ன வேலை?

சேதுக்கரையான்:
சிவகங்கையே ராமநாதபுரம் சேதுபதி சீமையிலிருந்து பிரிந்ததுதான் ஐயா. சேதுபதியை 1795-லேயே கும்பினி இறக்கிவிட்டது. 1799-ல் மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர், கமுதியில் கிளர்ந்தார். எங்களுக்கு யாரும் இடம் ஒதுக்கித் தர வேண்டாம்.
விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வரும் என்று நம்பி அந்தக் குழு பார்வையாளர்களை வீசுகிறவரைச் சுற்றி வட்டமாக நிறுத்தப் போகிறது. வலக்கைக்காரர் விடுவதற்குக் கொஞ்சம் பிந்தினால் வளரி இடப்பக்கம் பறக்கும். உப்பு வேர்வையில் பிடி வழுக்கினால் எங்கே போகும் என்று வீசியவருக்கே தெரியாது. முன்னால் 100 கெஜம் வெறுமையாக இருக்க வேண்டும். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாக எழுதிய கும்பினிப் படை அதிகாரி வெல்ஷ் துரை, குறி தப்பாமல் வீசும் தூரமாகச் சொன்னதே அதுதான். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆட்களைப் பின்னால் தள்ளி நிறுத்த வேண்டும். ஆளோடு மோதும் காட்சிக்கு நுரைப்பஞ்சில் வெட்டித் துணி சுற்றிய வளரி மட்டும்தான். மரவளரி தனி வீச்சுக்கு, அதுவும் உள்தரையைப் பார்த்து. கடலுக்குள் வீசினால் இரும்பு மூழ்கும், மரத்தை அலை கொண்டுபோகும்.

வளரிப்பித்தன்:
வெள்ளைக்காரன் எழுதினால்தான் நம்புவீர்களா? அவனுக்குத் திருப்பி வாங்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சேதுக்கரையான்:
அருமை. எழுதினால் பொய், எழுதாவிட்டால் ரகசியம்.

கமுதிக்காரன்:
கும்பினிச் சிப்பாய்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. குழு போட்ட படத்தில் முழுக்காற்சட்டையும் கறுப்பு பூட்சும். மதராஸ் சிப்பாய்க்கு அப்போது சிவப்புச் சட்டை, அரைக்கால் ஜாங்கியா, காலில் செருப்பு. கையில் இருப்பது முதல் உலகப்போர் 303 துப்பாக்கி மாதிரி! 39 அங்குலக் குழலும் சக்கிமுக்கிக் கல்லும் எங்கே? வெற்று மரத்தில் செய்தாலும் அந்த அளவில் செய்யுங்கள். அசல் கொண்டுவந்தால் ஆயுதச் சட்டம் 1959 இருக்கிறது.

உச்சிப்புளி தச்சன்:
செருப்பு போட்டு அந்த மணல்ல ஓடிப் பாருங்க, வார் அறுந்துடும்.

கமுதிக்காரன்:
சிப்பாய் ஓடக் கூடாது, அணிவகுத்து நடக்க வேண்டும். சீமைக்கருவேலக்காரர் அணிவகுப்பு பற்றிப் பேசுகிறார்!

சிவகங்கைச் சீமை:
காளையார்கோவில் செம்மண்ணில் வைத்திருந்தால் வாரும் அறாது, வாடையும் இல்லை.

வளரிப்பித்தன்:
எல்லாம் சரி. வளரி திரும்பி வரும்.

சேதுக்கரையான்:
மரவளரி, நான் சொன்ன எடை, காற்று இல்லாத விடியல், கடலுக்கு முதுகு காட்டி வீச வேண்டும். நின்ற இடத்திலிருந்து பத்தடிக்குள் திரும்பி வந்தால் அந்த வீடியோவைப் போடுங்கள். வாடையில் எடுத்ததைப் போட்டால் அடுத்த கேள்வியும் இதுவேதான்.

வளரிப்பித்தன்:
எடையை நீங்கள் எங்கே சொன்னீர்கள்?