ஒரே கொடியில் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும்: இது செங்காந்தள்தானா?

கேள்வி (கடலோரத்தான்):
வேதாரண்யம் பக்கம் எங்க ஊர். வாய்க்கால் கரையில் மணலும் புதருமா கிடக்கிற இடத்துல ஒரு கொடி காரைச் செடியைப் பிடிச்சு ஏறியிருக்கு. போன வருஷம் ஐப்பசியிலும் இதே இடத்துல பூத்துச்சு. கோடையில் தடமே இல்லை. செங்காந்தள்னு நினைச்சேன். ஆனா மொட்டு பச்சை, சில பூ மஞ்சள், சில பூ சிவப்பு. பக்கத்து வீட்டுப் பெரியவர் கிழங்கு மருந்துக்கு ஆகும், தோண்டுங்கிறார். தோண்டலாமா?

பதில் (புதர்க்காடு):
நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இந்தப் பூ விரியும்போது மஞ்சளும் பச்சையுமா இருந்து, நாள் ஆக ஆக முழுச்சிவப்பாகும். இலை நுனியைப் பாருங்க: பற்றுக்கம்பி மாதிரி சுருண்டிருக்கா? ஆறு இதழும் ஓரம் நெளிஞ்சு, பின்பக்கமா மடங்கி நிக்குதா? பூவின் அடியில் சூல்தண்டு (காயாகிற பகுதியிலிருந்து நீளுற மெல்லிய தண்டு) சட்டுனு பக்கவாட்டில் வளைஞ்சு நீட்டியிருக்கா? மூணும் இருந்தா செங்காந்தளேதான்.

கடலோரத்தான்:
மூணும் இருக்குங்க. இலை நுனிதான் காரைக் குச்சியைச் சுத்தியிருக்கு.

பதில் (மூலனூர் விவசாயி):
நாங்க இதைக் கண்வலிக்கிழங்குன்னு விதைக்காகப் பயிர் பண்றோம். சூல்தண்டோட நுனியில மகரந்தத்தை வாங்குற சூல்முடி, மகரந்தப் பையை விட்டு விலகி நிக்கிறதால காய்ப்பிடிப்பு குறைவு. அதனால காலையில ஆளுங்க பூப்பூவா மகரந்தத்தைத் தொட்டு வைப்பாங்க. காட்டுல பூச்சிதான் அந்த வேலையைச் செய்யணும். கோடையில் கொடி காய்ஞ்சாலும் செடி சாகலை. கலப்பை மாதிரி கவட்டையா இருக்கிற கிழங்கு மண்ணுக்குள்ள உறங்கும், மழைக்கு முளைக்கும். தோண்டினா அந்த இடத்துல அதோட கதை முடிஞ்சுது.

பதில் (செவிலி அக்கா):
தம்பி, தயவுசெஞ்சு யாரும் அதை வாயில வைக்க விடாதே. செடி முழுக்க கொல்கிசின் விஷம். கிழங்குலயும் விதையிலயும் ரொம்ப. சர்க்கரைவள்ளின்னு நினைச்சு அவிச்சுத் தின்னவங்க இருக்காங்க. சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை வரைக்கும் பாதிக்கும். பிழைச்சவங்களுக்கும் பிறகு முடி கொட்டும். இதுக்குன்னு சுலபமா கிடைக்கிற மாற்று மருந்து இல்லை. தின்னுட்டாங்கன்னு தெரிஞ்சா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், கிழங்குத் துண்டையும் கையோட எடுத்துட்டுப் போகணும். சித்த வைத்தியத்திலும் விஷம் குறையச் சுத்திகரிச்சுத்தான் மருந்துல சேர்ப்பாங்க. வீட்டு வைத்தியத்துக்கு ஆகவே ஆகாது.

கடலோரத்தான்:
நல்லவேளை கேட்டேன் அக்கா. பெரியவர்கிட்ட சொல்லிட்டேன், அவரும் ஒத்துக்கிட்டார். ஆடு அந்தப் பக்கம்தான் மேயும். என்ன பண்றது?

பதில் (புதர்க்காடு):
ஆடு மாட்டுக்கும் விஷம்தான். சுத்தி முள் வெட்டிப் போடுங்க. காய் வெடிச்சா உள்ளே ஆரஞ்சுச் சிவப்புல விதை தெரியும். பிள்ளைகள் பொறுக்கும், அவங்ககிட்டயும் சொல்லி வைங்க. கொடியை மட்டும் வெட்டாதீங்க. தமிழ்நாட்டு மாநில மலர் அது. விற்பனைக்கும் நடவுக்கும் தோண்டித் தோண்டியே பல காட்டுல அரிதாயிடுச்சு.

கடலோரத்தான்:
இன்னிக்கே கருவேல முள் போட்டுடுறேன்.