ஞாயிறு பறவை பாக்கிற பயணம்: யாழ்ப்பாணம் பண்ணைப் பாலம், மண்டைதீவு, கல்லுண்டாய்

*சனி, பின்னேரம்*

சின்ன மாமா: நாளைக்குப் பறவை பாக்க வாற எல்லாருக்கும். காலமை 5.45க்குப் பண்ணைப் பாலத்தடியில நில்லுங்கோ, சூரியன் 6 மணியோட உதிக்கும். தீவுப் பக்கம் போகேக்க வலப்பக்கத் தண்ணியை, அதாவது அராலிப் பக்கத்தைப் பாருங்கோ. வெயில் முதுகுக்குப் பின்னால விழும், பறவையின்ர கால் நிறம் கூடத் தெளிவாத் தெரியும். குருநகர்ப் பக்கத்தைக் காலமை பார்த்தா எல்லாம் கறுப்பு நிழல்தான். அதைப் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, திரும்பி வரேக்க வைச்சுக்கொள்ளுவம்.

அத்தான்: மாமா, வத்துப் பெருக்கு நேரம் பாக்கத் தேவையில்லையோ?

சின்ன மாமா: பாக்கலாம், ஆனா அதை மட்டும் நம்பக் கூடாது. எங்கட பரவைக்கடலில வத்துக்கும் பெருக்குக்கும் இடையில ஒரு மீற்றர் கூட வராது. ஆனா அடி தட்டையெண்டபடியா ஒரு சாண் தண்ணி இறங்கினாலே பெரிய சேத்துத் திட்டு வெளிக்கும். காத்தும் தண்ணியை ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்குத் தள்ளும். நேற்று உள்ளான், அதுதான் சேத்தில மேயிற சின்னப் பறவை, நிறைஞ்ச இடம் இண்டைக்கு வெறுமையாக் கிடக்கிறது அதாலதான்.

சின்ன மாமா: ஆழத்தைப் பறவையே சொல்லும். கால் நீண்ட கருவால் மூக்கனுக்கு வயிறு மட்டத்துக்குத் தண்ணி நிண்டா, அந்த இடத்தில சின்னக் கொசு உள்ளான் நிக்காது. அதைக் கரையோரச் சேத்திலயும் உவர் வெளியிலயும் தேடுங்கோ.

அக்கா: மழை பிடிச்சா?

ரீச்சர் மாமி: மழை பிடிச்சா கல்லுண்டாய் வெளி நிரம்பும், உள்ளான் கூட்டம் சிதறிப் போகும். ஊசிவால் தாரா, நீலச்சிறகித் தாரா எல்லாம் அதுக்குப் பிறகுதான் கூடக் கூட வரும். ஐப்பசி நடுவில ரெண்டும் கலந்து கிடைக்கும், எனக்கு ஆண்டில பிடிச்ச நேரம் அதுதான்.

ரீச்சர் மாமி: 9.30க்குப் பிறகு கானல் எழும்பும். ரெலஸ்கோப்பை 60 மடங்கில வைச்சா படம் ஆடி எல்லாம் ஒரே உருண்டையாத் தெரியும். 25, 30க்கு இறக்குங்கோ. சின்னப் பறவைகளை 9 மணிக்கு முதல் பாத்து முடிக்கவேணும். பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாம் வெயிலுக்குள்ளயும் அடையாளம் பிடிபடும்.

அத்தான்: முக்காலியைப் போனமுறை காத்து ஆட்டினது.

ரீச்சர் மாமி: நடுத்தண்டை உயத்தாதேங்கோ. காலை அகட்டிப் பதிச்சு வைச்சு, தண்ணிப் போத்தல் உள்ள பையை நடுவில கொளுவுங்கோ. குந்தி இருந்து பாருங்கோ.

சின்ன மாமா: இன்னொண்டு. பாலத்தில வாகனத்துக்குள்ள இருந்து பாத்தா பறவை அசையாது, கதவைத் திறந்து இறங்கினவுடன எழும்பும். அகலமான இடத்தில ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி முதல் பாருங்கோ. கடற்படை முகாம் பக்கம் கமராவையும் ரெலஸ்கோப்பையும் திருப்ப வேண்டாம்.

*ஞாயிறு*

கடைக்குட்டி: [படம்] மண்டைதீவுக் கரை, 7.40. மணல் உப்புக்கொத்தி. இதில சின்ன இனம் எது, பெரிய இனம் எது மாமி?

ரீச்சர் மாமி: பக்கவாட்டில நிக்கிறதை மட்டும் எடுங்கோ, முன்னால பாக்கிறதை விட்டிடுங்கோ. சொண்டின்ர நீளத்தை, சொண்டு அடியில இருந்து கண்ணின்ர பின் ஓரம் வரைக்குமான தூரத்தோட ஒப்பிடுங்கோ. சொண்டு அதுக்குச் சமனாகவோ குறைவாகவோ இருந்தா சின்னது. அதைத் தாண்டி நீண்டு, தடிச்சும் இருந்தா பெரிசு. பெரிசின்ர கால் நீளம், மஞ்சள் கலந்த பச்சை. சின்னதுக்குக் கருஞ்சாம்பல். ஆனா சேறு பூசின காலை வைச்சு முடிவெடுக்காதேங்கோ, எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்.

ரீச்சர் மாமி: உங்கட படத்தில இடப்பக்கம் மூண்டும் சின்னது. கடைசியா நிக்கிறதைப் பெரிசாக்கிப் பாருங்கோ. பின் கழுத்தில வெள்ளை வளையம் இருக்கு. மணல் உப்புக்கொத்திக்கு அந்த வளையம் இல்லை.

கடைக்குட்டி: அப்ப கென்ரிஷ் உப்புக்கொத்தியோ?

சின்ன மாமா: அனுமான் உப்புக்கொத்தியா இருக்க வாய்ப்புக் கூட. கென்ரிஷ் உப்புக்கொத்தியோட ஒண்டாச் சேத்து வைச்சிருந்ததை 2023 இல தனி இனம் எண்டு பிரிச்சவை. எங்கட நாட்டிலயும் தென்னிந்தியாவிலயும் இஞ்சயே முட்டையிட்டு வளருது. கென்ரிஷ் குளிருக்கு வாற விருந்தாளி. அனுமான் உருவத்தில கொஞ்சம் சின்னன். படத்தை முழு அளவில அனுப்புங்கோ, உறுதியாத் தெரியாட்டி ரெண்டில ஒண்டு எண்டு எழுதலாம்.

அக்கா: கல்லுண்டாயில பூநாரை நிக்குது! கிட்டப் போகலாமோ?

சின்ன மாமா: இல்லைப் பிள்ளை. தலையைத் தண்ணிக்குள்ள கவிழ்த்து மேயிற மட்டும் சரி. கழுத்தை நிமித்தி எல்லாம் ஒரு பக்கமா நடக்கத் தொடங்கினா அது எச்சரிக்கை. அந்த இடத்தில நிண்டு, ரெண்டடி பின்னுக்குப் போங்கோ. தூரத்தில இருந்து பறந்து வந்ததுகள், சும்மா எழுப்பினா சேத்த கொழுப்பு வீணாப் போகும்.

அத்தான்: இஞ்ச உள்ளான் முழுக்க ஒரேயடியா எழும்பீட்டுது, ஆக்கள் ஒருத்தரும் இல்லை.

ரீச்சர் மாமி: உடன மேல பாருங்கோ. பறவைகளை வேட்டையாடுற பைரி வந்திருக்கும்.

அத்தான்: ஓம், கிழக்கால தாழப் பறக்குது! தாராக் கூட்டம் தண்ணியிலதான் கிடக்குது, எப்பிடி எண்ணுறது?

சின்ன மாமா: முதல் 10ஐ உண்மையா எண்ணுங்கோ. அந்த அகலத்தைக் கண்ணில வைச்சு 100 பிடிக்கிற துண்டு எவ்வளவு எண்டு பழகுங்கோ, பேந்து அந்தத் துண்டால கூட்டத்தை அளவுங்கோ. ஓரத்தில ஐதா நிக்கும், நடுவில அடர்த்தி. ஓரத்துத் துண்டால நடுவை அளந்தா பாதிதான் வரும். மூண்டு பேர் தனித்தனியா எண்ணி, பேந்து நடுத்தொகையை எழுதுங்கோ.

அக்கா: அடுத்த கிழமை சுண்டிக்குளமோ?

சின்ன மாமா: அதுக்கு ஒரு முழுநாள் வேணும். 1938 இல இருந்து சரணாலயம், 2015 இல தேசியப் பூங்காவாக்கினவை, அனுமதி முதலே எடுக்கவேணும். போற வழியில மிதிவெடிப் பலகை நட்ட காணிக்குள்ள ஒரு அடியும் வைக்கக் கூடாது.

ரீச்சர் மாமி: இப்ப வீட்டை போனவுடன, பைனோகுலரைச் சட்டையால துடைக்காதேங்கோ. உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிப்போடும். முதல் ஊதிப் போக்கி, பிறகு நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச பருத்தித் துணியால மெல்லத் தொட்டு எடுங்கோ. முக்காலிக் காலை முழுக்க நீட்டிக் கழுவி, நிழலில காயவிடுங்கோ.

அத்தான்: சரி மாமி. கணக்கை ராவைக்குப் போடுறன்.