வந்து வந்து போகும் எலக்ட்ரிக்கல் கோளாறு: கடலோர ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் அனுபவம்

மண்டபம்:
தொண்டியில இருந்து வாலிநோக்கம் வரைக்கும் கடலை ஒட்டி ஓடுற ஃபோர் வீல் (நாலு வீலுக்கும் இன்ஜின் இழுவை போற) வண்டிகள்ல ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருது. விடியக்காலம் செல்ஃப் எடுக்காது, மீட்டர் போர்டுல நாலு லைட் சேர்ந்து எரியும். பத்து மணிக்கு மேல ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா ஒரு குறையும் இருக்காது. காரணம் உப்பு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே ஈரத்தை இழுத்துக் கசியும். கப்ளருக்குள்ள (வயரும் வயரும் சேர்ற பிளாஸ்டிக் பிளக்) படிஞ்ச உப்பு ராத்திரி தண்ணியாகுது, வெயில் ஏறினதும் காஞ்சிடுது. அதனால கோளாறை அது வர்ற நேரத்துலயே பிடிக்கணும். மதியம்தான் பார்க்க முடியும்னா, கை ஸ்பிரேயர்ல நல்ல தண்ணியைப் பனி மாதிரி அடிச்சு, ஒவ்வொரு கப்ளரா நனைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. எதை நனைச்சப்ப கோளாறு வருதோ அங்க தேடுங்க. மத்தவங்க ஊர் பேரைப் போட்டு, எங்க தேடினீங்க, என்ன அளவு வந்துச்சுன்னு எழுதுங்க.

கீழக்கரை:
முதல்ல எர்த். மத்ததெல்லாம் அப்புறம்தான். சேஸிஸ் தனியா, பாடி தனியா இருக்குற வண்டியில பாடி ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு, இன்ஜினும் ரப்பர் மேலதான். இந்த மூணையும் பேட்டரி நெகட்டிவோட சேர்க்கிறது எர்த் வயரும் பின்னல் பட்டையும் மட்டும்தான். அது அரிச்சுப்போனா கரண்ட் வேற வழி தேடும். நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சதும் ஆக்ஸிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சுட்டா, எர்த் போயிடுச்சுன்னு அர்த்தம்.

பார்க்கிற முறை: மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழ் மேலயே இருக்கணும், கிளாம்ப் மேல இல்ல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்ல வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 0.5ஐத் தாண்டினா பாதை அடைஞ்சிருக்கு. அடுத்து ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுட்டு சேஸிஸ்லயும் பாடியிலயும் வைங்க, அங்க 0.1க்கு மேல ஏறக் கூடாது. எந்த இடத்துல அளவு குதிக்குதோ, அதுக்கு முந்தின இணைப்புதான் குற்றவாளி. போல்ட்டைக் கழட்டி, பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு முறுக்குங்க. முறுக்கி முடிச்ச பிறகு மேல கிரீஸ்.

தொண்டி:
காக்கா (அண்ணே), மீட்டரை ஓம்ஸ்ல வெச்சா எர்த் வயர் 0 தான் காட்டுது. அப்ப வயர் நல்லாருக்குன்னுதானே?

கீழக்கரை:
இல்ல தம்பி. முப்பது இழையில ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 0ன்னுதான் சொல்லும், அது அனுப்புற கரண்ட் அவ்வளவு கொஞ்சம். கணக்கு பாருங்க: 0.02 ஓம் கூடுதலா இருந்தா சாதா மீட்டர்ல தெரியவே தெரியாது, ஆனா செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்குறப்ப 4 வோல்ட் அந்த இடத்துலயே போயிடும். சுமை போட்டு வோல்ட் அளந்தாத்தான் உண்மை தெரியும். லைட், ஃபேன் மாதிரி வயருக்கு மீட்டர் கூட வேண்டாம். ரெண்டு முனையையும் கழட்டி, அந்த வயர் வழியா ஒரு 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பை எரிய வைங்க. மங்கலா எரிஞ்சா வயரை மாத்துங்க. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போற வயர்ல மட்டும் இதைச் செய்யக் கூடாது.

சாயல்குடி:
சீமைக்கருவேலங்காட்டு வண்டித்தடத்துல ஓடுற வண்டிகளுக்கு: முன் வீல் ஏபிஎஸ் சென்சார் (வீல் சுத்துற வேகத்தைப் பார்க்குறது) வயரை முள்ளுக்கிளை இழுத்துடும். வெளியே உறை நல்லாத்தான் தெரியும், உள்ளே இழை அறுந்திருக்கும். நேரா நிறுத்திப் பார்த்தா சரியா இருக்கும், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சாத்தான் லைட் எரியும். அதனால ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பார்க்காம சென்சார் வாங்காதீங்க.

ஃபோர் வீல் போட்டு அது விழுந்தும் அதோட லைட் விட்டு விட்டு எரிஞ்சா, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் வீலுக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி) மேல இருக்குற சுவிட்ச் கப்ளரைக் கழட்டி அந்த ரெண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால சேருங்க. லைட் நிலையா எரிஞ்சா சுவிட்ச் போச்சு, அப்பவும் மினுக்கினா வயர். கை லீவர்ல ஃபோர் வீல் போடுற வண்டிக்குத்தான் இது, மோட்டார்ல மாறுற வண்டிக்கு வேண்டாம்.

தேவிபட்டினம்:
வயர் இழை கறுத்திருந்தா முனையை மட்டும் வெட்டிப் புதுத் திம்பிள் (வயர் முனையில மாட்டுற உலோகக் காது) அடிக்கிறது வீண் வேலை. உப்புத் தண்ணி உறைக்குள்ள இழை வழியா ஏறிப் போகும். செம்பு பளபளப்பா வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க; ஒரு அடிக்கு அப்புறமும் கறுப்புன்னா முழு வயரும் புதுசு. கறுத்த செம்புல ஈயம் ஒட்டாது. கிரிம்ப் அடிச்சு (நசுக்கிப் பிடிக்க வெச்சு), உள்ளே பசை இருக்குற ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்குற குழாய்) போடுங்க. வெறும் இன்சுலேஷன் டேப் உப்புத் தண்ணியை உள்ளே பிடிச்சு வெச்சுக்கும்.

இன்னொண்ணு, ஊசி டெஸ்ட் லேம்ப்பை வயர் உறையில குத்தவே குத்தாதீங்க. இன்னைக்குக் குத்தின ஓட்டை கொஞ்ச நாள்ல பச்சைக் களிம்பு பூத்து நிக்கும். கப்ளரோட பின்பக்கமா மெல்லிய குண்டூசியை விட்டு அளங்க.

பாம்பன்:
அரிச்சல்முனை வரைக்கும் 2017ல தார் ரோடு வந்தாச்சு, ஆனா ரெண்டு பக்கக் கடலும் அதேதான். திரும்பி வந்து வாட்டர் சர்வீஸ் விடுறவங்க, அங்க அடிக்கிறது போர் தண்ணியான்னு கேளுங்க. நம்ம பக்கம் நிறைய போர் உவர்ப்பு. உப்பை உப்பாலயே கழுவுற மாதிரி ஆகும். கடைசியா ரெண்டு குடம் நல்ல தண்ணி அடியில ஊத்துங்க. பிரஷர் கன்னை கப்ளர் மேல காட்டாதீங்க. துரு நீக்குற ஸ்பிரே, பெட்ரோல் எதுவும் உப்பைக் கரைக்காது. களிம்பு பிடிச்ச கப்ளரைப் பேட்டரி டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி, காத்தடிச்சு, நல்லாக் காய விட்டு, அப்புறமா கான்டாக்ட் கிளீனர்.

ராமநாதபுரம்:
புது வண்டியில ஏபிஎஸ், ஃபோர் வீல், ஸ்டீயரிங்னு சம்பந்தமில்லாத லைட்டெல்லாம் ஒரே நேரத்துல வந்தா மாட்யூலை (கம்ப்யூட்டர் பெட்டியை) மாத்த அவசரப்படாதீங்க. எர்த்தும் சார்ஜிங்கும் சரின்னு உறுதியானதும் (ஓடுறப்ப 13.8ல இருந்து 14.4 வோல்ட்), பேட்டரி வயரைக் கழட்டிட்டு ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்ல 6, 14ஆம் பின்னுக்கு நடுவுல ஓம்ஸ் பாருங்க; மாட்யூல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுற ரெண்டு வயர் அதுதான். பெரும்பாலான வண்டிகள்ல 60 வரணும். 120 வந்தா அந்த வயர் ஜோடியோட ரெண்டு கடைசி முனையில ஒண்ணு விட்டுப்போயிருக்கு. மீட்டரை மாட்டினபடியே விட்டுட்டு, ஹார்னஸை (வயர்க் கட்டை) ஒரு சாண் ஒரு சாணா ஆட்டிக்கிட்டே போங்க; எங்க ஆட்டுறப்ப அளவு மாறுதோ அங்க தேடுங்க. சேஸிஸ் வளைவுல கிளிப் இருக்குற இடங்கள்ல நிதானமா ஆட்டுங்க.

தொண்டி:
கழுவிக் காய வெச்ச கப்ளருக்கு சிலிக்கான் கிரீஸ் எவ்வளவு?

பாம்பன்:
பட்டாணி அளவு போதும். ரப்பர் சீல் ஓரத்துல சுத்தித் தடவுங்க, பின் குழிக்குள்ள அடைக்காதீங்க. சீல் கிழிஞ்சிருந்தா கிரீஸ் காப்பாத்தாது, கப்ளரையே மாத்துங்க.