கராஜுக்கு ஜிப் கிரேன்: சுவரில் பூட்டுவதா, தூண் நடுவதா?

கேள்வி (காத்தான்குடி):
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உழவு மெசின் திருத்தும் கராஜ் நடத்துகிறேன். எஞ்சின், கியர்பொக்ஸ் கழற்றி மேசைக்குக் கொண்டுபோக 500 கிலோ தூக்கும் ஜிப் கிரேன் (பாரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் சுற்றும் கை உள்ள தூக்கி) வேண்டும். கை நீளம் 3 மீற்றர். சுவர் சீமெந்துக் கல், கூரை ஜீ.ஐ. பைப்பில் சீற். வெல்டிங் செய்பவர், சுவரிலேயே பிரக்கற் அடித்துத் தரலாம், செலவும் குறைவு என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது முக்காலியில் செயின் புளொக் (சங்கிலி இழுத்துத் தூக்கும் கப்பி) கட்டித்தான் வேலை. தூக்கலாம், பக்கவாட்டில் கொண்டுபோக முடியாது.

பதில் (கல்முனை):
தம்பி, சுவரில் வேண்டாம். 500 கிலோவை 3 மீற்றர் தள்ளித் தூக்கினால் 1500 கிலோ-மீற்றர் திருப்பம் (பாரம் × தூரம், கவிழ்க்கப் பார்க்கும் அளவு). இரண்டு பிரக்கற்றுக்கும் இடைவெளி 1 மீற்றர் என்றால், மேல் போல்ட்டுகளை 1500 கிலோ வெளியே இழுக்கும். கையின் சொந்தப் பாரம் வேறு. கல்லுச் சுவர் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். சுவர் வகை ஜிப் என்று சொன்னாலும், அதைப் பூட்டுவது இரும்புத் தூணிலோ கம்பி போட்ட கொங்கிறீட் தூணிலோதான். சுற்றுவதும் கிட்டத்தட்ட 180 பாகை மட்டுமே.

தூணை மேலும் கீழும் பிடிக்கும் மாஸ்ட் வகைக்குச் சின்ன அத்திவாரம் போதும். ஆனால் உச்சியைப் பிடிக்க நல்ல பீம் வேண்டுமே, சீற் கூரையில் அது நடக்காது. உங்களுக்குத் தனித்தூண் வகைதான் சரி. முழுச் சுற்றும் சுற்றும்.

காத்தான்குடி:
நன்றி நானா. இங்கே முழுக்க மணல். மாரியில் கிணற்றுத் தண்ணீர் நிலமட்டத்துக்கு வந்துவிடும். கொங்கிறீட் எவ்வளவு போடவேண்டும்?

பதில் (மட்டக்களப்பு):
அந்தத் தண்ணீரைத்தான் முதலில் பார்க்கவேண்டும். 1.5 மீற்றர் சதுரம், 1 மீற்றர் ஆழம் என்றால் கொங்கிறீட் சுமார் 5400 கிலோ. கவிழாமல் பிடிக்கும் திருப்பம், பாரத்தைப் பாதி அகலத்தால் பெருக்கினால், 5400 × 0.75, அதாவது 4050. உங்கள் 1500க்குத் தாராளம். மாரியில் அதே அத்திவாரம் தண்ணீருக்குள் நின்றால், மிதப்புப் போக 3150 கிலோதான். பிடிப்பு 2360 ஆகிவிடும். கையின் பாரத்தையும் சேர்த்தால் மிச்சம் கொஞ்சம்தான். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்: 2 மீற்றர் சதுரம், 0.75 மீற்றர் ஆழம் என்றால் தண்ணீருக்குள்ளும் பிடிப்பு 4200. இது விளங்குவதற்கான கணக்கு. மண்ணைப் பார்த்து ஒரு சிவில் எஞ்சினியர் வரைந்து தரட்டும்.

பதில் (கல்முனை):
அப்புறம் ஒன்று. தூண் நேர்குத்தாக நிற்கவேண்டும். சரிந்து நின்றால், சரிந்த கேற் தானாகத் திறப்பதுபோல, பாரத்தோடு கை தாழ்ந்த பக்கம் ஓடும்; பக்கத்தில் நிற்பவரை அடித்துவிடும். தூணின் அடித்தட்டின் கீழே போல்ட்டுகளில் நட் மாட்டி மட்டம் பிடித்த பிறகு கிரௌட் (இடைவெளியை நிரப்பும் சீமெந்துக் கலவை) ஊற்றுங்கள். கடல் காற்றுக்கு நங்கூர போல்ட் கல்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். கொங்கிறீட் இறுகிய பிறகு, சோதனைக்குக் கால்வாசி கூட்டி 625 கிலோவைக் கையின் நுனியில் மாட்டி, தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்தி மெல்லச் சுற்றிப் பாருங்கள். அடித்தட்டு அசையாவிட்டால் கையில் ‘500 கிலோ’ என்று பெரிதாக எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.