நம்பாத விளம்பரமும் நம்மை வாங்கவைப்பது எப்படி?

கேள்வி: திருவட்டாறு ஆசிரியை

எங்கள் வீட்டில் தமிழ் அலைவரிசைகளும் மலையாள அலைவரிசைகளும் ஓடுவதால், ஆடித் தள்ளுபடி ஓய்வதற்குள் ஓணம் விளம்பரம் தொடங்கிவிடுகிறது. அது முடிந்தால் தீபாவளி, அதன் பின் கிறிஸ்துமஸ். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போனால் அதே முகங்கள் சாலையோரப் பலகைகளிலும் சிரிக்கின்றன. நானும் என் கணவரும் இவற்றைக் கேலி செய்துகொண்டேதான் பார்ப்போம். ஆயினும் போன ஓணத்தின்போது, எந்தப் பழுதும் இல்லாத தொலைக்காட்சியை ஒதுக்கிவிட்டுத் தவணையில் பெரியதொன்றை வாங்கினோம். நான்காம் வகுப்பில் படிக்கும் மகன், மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, விளம்பரத்தில் வரும் நூடுல்ஸைக் கேட்கிறான். நம்பாத ஒன்று நம்மை இவ்வாறு ஆட்டுவிப்பது எப்படி?

பதில் 1: நாகர்கோவில், உளவியல் கற்பிப்பவர்

அம்மா, விளம்பரம் வேலை செய்வதற்கு உங்கள் நம்பிக்கை தேவையில்லை, பழக்கம் போதும். ராபர்ட் சையன்ஸ் என்ற உளவியலாளர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களையும் பங்கேற்றவர்களுக்குப் புரியாத சீன எழுத்துகளைப் போன்ற குறிகளையும் சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றை 25 முறை வரையும் காட்டினார். அடிக்கடி கண்டவற்றுக்கே நல்ல பொருள் இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டொப்பினோ ஆகிய மூவரும் கல்லூரி மாணவர்களுக்கு உண்மையும் பொய்யும் கலந்த கூற்றுகளை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்தபோது, திரும்ப வந்த கூற்றுகள், பொய்யானவையும்கூட, மேலும் மேலும் உண்மையாகத் தோன்றின. எளிதில் நினைவுக்கு வருவதை மனம் சரியானது என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கேலி செய்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் உங்கள் வாயில் ஒருமுறை வந்து போயிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அளவு மீறினால் சலிப்பு வருவதும் உண்மைதான். அதனால்தான் நடிகரையும் கதையையும் மாற்றிக்கொண்டே, மெட்டையும் நிறத்தையும் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

பதில் 2: மார்த்தாண்டம் வியாபாரி

ஏத்தங்காய் சிப்ஸ் விற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளூர் கேபிளில் என் கடை விளம்பரமும் ஓடுகிறது. ஒரே ஒருமுறை ஓடினால் யாருக்கும் நினைவிருக்காது, ஆகவே திரும்பத் திரும்பச் சொல்வதையே குற்றம் என்று கூறிவிட முடியாது. மேலும், நம் ஊரில் கல்யாணப் பெண்ணின் கழுத்தை எண்ணிப் பார்க்கும் கண்களை எந்த நகைக்கடை விளம்பரமும் உண்டாக்கவில்லை. எத்தனை பவுன் என்று கேட்பவர்கள் சொந்தக்காரர்களே. விளம்பரம் அந்தக் கேள்விக்கு எண்ணெய் ஊற்றுகிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 3: தக்கலை வழக்கறிஞர்

வியாபாரி ஐயா சொல்வது பெரியவர்களைப் பொறுத்தவரை பாதி சரி. குழந்தைகளுக்கு அது பொருந்தாது. நெதர்லாந்தில் 8 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஓராண்டு இடைவெளியில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், விளம்பரம் மிகுதியாகப் பார்த்தவர்களிடம் முதலில் அந்தப் பொருள்மீது ஆசையும், அந்த ஆசையின் வழியே பொதுவான பொருள்மோகமும் கூடியது தெரியவந்தது. நூடுல்ஸில் தொடங்கியது நூடுல்ஸோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

சட்டம் எவ்வளவு துணைவரும் என்றால், கொஞ்சம்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. 2022இல் வந்த வழிகாட்டுதல்கள் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குத் தனி வரம்புகளை வைத்தன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். ஆனால் பெரும்பாலும் பொய் சொன்னாலோ தவறாக வழிநடத்தினாலோதான் வழக்கு. உண்மையை நூறு முறை சொல்லி ஆசையைக் கிளப்புபவரைச் சட்டம் பெரும்பாலும் தொடாது. கேபிள் விதிகளில் விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் என்ற வரம்பு மட்டும் இருக்கிறது; அதுவே ஒரு குழந்தைக்கு நிறைய.

மீண்டும் திருவட்டாறு ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வியாபாரி ஐயா குறிப்பிட்ட அந்தக் கண்கள் என் வீட்டிலும் உண்டு. புதுத் தொலைக்காட்சியை முதலில் பார்க்க வந்தவர் என் நாத்தனார், அவர் பார்க்க வேண்டும் என்பதும் வாங்கியதற்கு ஒரு காரணம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். விளம்பர இடைவேளையில் ஒலியை நிறுத்தும் பொறுப்பை நேற்று முதல் மகனிடமே கொடுத்திருக்கிறேன். அவன் தவறாமல் நிறுத்துகிறான். நிறுத்திவிட்டு அந்தப் பாட்டை அவனே பாடுகிறான்.